மேலும் காண்க

‘ஃபயர்ஃப்ளைஸ்’ நாவலை ஒன்றரை வருஷம் வேறொருவர் பெயரில் ராக்கில் நிறுத்தி வைத்திருந்தவன் நான். 1982இல் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவி நூலகராகச் சேர்ந்த புதிது. மேஜையில் குவிந்திருந்த புதுப் புத்தகங்களுக்கு அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் பெயர் சிவா நைபால். எங்கள் ராக்கில் ஏற்கெனவே வி.எஸ். நைபால் புத்தகங்கள் ஏழெட்டு இருந்தன. நான் போட்ட கணக்கு இதுதான்: வி என்பது ஊர், எஸ் என்பது சிவா. இளமையில் முழுப் பெயரோடு எழுதியவர், பேர் வாங்கிய பிறகு இனிஷியலுக்கு வந்துவிட்டார். நம்மவர்களில் எத்தனை பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள்!

நைபால் என்பது ஒரு குடும்பமே சுமக்கிற பெயர் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எப்படித் தோன்றும்? எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு ஒரு பெயர், அப்பாவுக்கு ஒரு பெயர், எனக்கு ஒரு பெயர். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தாலும் ஒரே வீட்டுக்காரர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. வி.ஸ. காண்டேகரைத் தமிழ் எழுத்தாளர் என்றே நினைத்துப் படித்த தலைமுறை வேறு நாங்கள். வி.எஸ். நைபாலும் என் மனசில் ஏதோ மாயவரம் பக்கத்து ஆள் போலத்தான் இருந்தார்.

தவறைக் கண்டுபிடித்தது எம்.ஏ. ஆங்கிலம் படித்த ஒரு மாணவி. “சார், இது அவர் எழுதினது இல்லை, அவர் தம்பி எழுதினது” என்று புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பிக் காட்டினாள். அங்கே பிறந்த வருஷம் தெளிவாக இருந்தது: 1945. அண்ணனுக்கு 1932. நான் பின்னட்டையைப் படிக்காமலே எண் போட்டிருக்கிறேன்.

எண் என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் நூலகத்தில் அப்போது கோலன் வகைப்பாடு. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்டது. எஸ் என்றால் சீயாளி, சீர்காழியின் பழைய பெயர். ஆர் என்றால் அப்பா ராமாமிர்தம். அந்த வகைப்பாட்டில் கதை, கவிதை, நாடகம் எழுதுகிறவர்களுக்கு ராக்கில் இடம் பெயரை வைத்துக் கிடையாது. பிறந்த வருஷத்தை வைத்து. ஷேக்ஸ்பியர் 1564இல் பிறந்தவர், அதனால் ஜே64. ஆயிரத்துத் தொள்ளாயிரங்களுக்கு ‘என்’ எழுத்து. வி.எஸ். நைபால் என்32. நான் சிவாவுக்கும் அதே என்32 எழுதி, பதின்மூன்று வயது இளைய தம்பியை அண்ணனுக்குள் கரைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே லேபிளைத் தண்ணீர் தொட்டுச் சுரண்டி எடுத்து, கறுப்பு இந்தியன் இங்கில் என்45 என்று எழுதி ஒட்டினேன். அட்டைகளையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். பெரிய சார், அதாவது எங்கள் தலைமை நூலகர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “எதை எடுத்தாலும் அண்ணன் பேரைச் சொல்றாங்களேன்னு அந்தத் தம்பிக்கு ஏற்கெனவே வருத்தம் இருக்கும். நீயும் உன் பங்குக்குச் செஞ்சிட்டே” என்றார்.

அவர் சொன்னது எத்தனை சரி என்று பிறகு தெரிந்தது. 1950இல் அண்ணன் வித்யாதர் டிரினிடாடிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கிளம்பியபோது சிவாவுக்கு ஐந்து வயது. மூன்று வருஷத்தில் அப்பா இறந்துபோனார். பின்னால் சிவாவும் அதே ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார், அதே கல்லூரிக்கு, நாவலும் எழுதினார். இரண்டாவது நாவலான ‘தி சிப்-சிப் கேதரர்ஸ்’ 1973இல் விட்பிரெட் பரிசு வாங்கியது. 1985இல் நாற்பது வயதில் மாரடைப்பில் போய்விட்டார். அதற்கடுத்த வருஷம் வந்த ‘ஆன் அன்ஃபினிஷ்டு ஜர்னி’ தொகுப்பில் ‘மை பிரதர் அண்ட் ஐ’ என்றே ஒரு கட்டுரை இருக்கிறது. அதைப் படித்த இரவு, நான் சுரண்டிய லேபிள் நினைவுக்கு வந்து சங்கடமாக இருந்தது.

அண்ணன் தம்பி இருவரும் ராக்கில் பிரிந்து நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. என்32க்கும் என்45க்கும் நடுவே இரண்டு தட்டு தூரம். ஒரு ‘மேலும் காண்க’ அட்டை எழுதி, சிவா பெயருக்குப் பின்னால் சொருகிவிடலாமா என்று பெரிய சாரிடம் கேட்டேன். நூலகத்தில் ‘காண்க’ அட்டை, ‘மேலும் காண்க’ அட்டை என்று இரண்டு உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருந்தால் முதல் வகை. ஒன்றைத் தேடுகிறவருக்கு இன்னொன்றும் பயன்படும் என்றால் இரண்டாவது.

“கேட்லாக் சொந்தபந்தம் சொல்ற இடம் இல்லை. அதெல்லாம் ரேஷன் கார்டு பார்த்துக்கும். நம்ம ராக்கு காலத்தைத்தான் பார்க்கும்” என்று சொல்லிவிட்டார்.

காலத்தைப் பார்க்கிற ராக்கில் வேறு சில விஷயங்கள் தானாக நடந்தன. நைபால் சகோதரர்களின் நடுவே அந்த இரண்டு தட்டில் யார் யார் என்று ஒருநாள் ஸ்டாக் வெரிஃபிகேஷனின்போது பார்த்துக்கொண்டே போனேன். என்36இல் ஏ.எஸ். பயட். என்37இல் அனிதா தேசாய். என்39இல் மார்கரெட் டிராபிள். பயட்டும் டிராபிளும் கூடப் பிறந்தவர்கள் என்பதை நான் அதற்கப்புறம் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அக்காவுக்கும் பிறந்த வீட்டுப் பெயர் டிராபிள்தான். பயட் என்பது கல்யாணத்தில் வந்தது. அக்கா தங்கைக்கு நடுவே சுமுகமில்லை என்பது ஊரறிந்த கதை. எங்கள் ராக்கில் அவர்கள் ஒரு முழம் தள்ளி நின்றார்கள். பெயர் வரிசைப்படி அடுக்கியிருந்தால் ‘பி’யில் ஒருத்தி, ‘டி’யில் ஒருத்தி என்று ஆளுக்கொரு மூலைக்குப் போயிருப்பார்கள்.

இதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் தன் புத்தகங்களை மூன்று சாக்கில் கட்டி நூலகத்துக்குக் கொடுத்தார். பாதிக்குமேல் செல்லரித்தவை. அவற்றில் ஒன்று ‘தி அட்வென்சர்ஸ் ஆஃப் குருதேவா’. எழுதியவர் சீபர்சாத் நைபால். அண்ணன் தம்பிக்கு அப்பா. ‘டிரினிடாட் கார்டியன்’ பத்திரிகையில் நிருபராக இருந்தவர். 1943இல் தன் கதைகளைத் தானே அச்சுப் போட்டு விற்றவர். லண்டனில் யாராவது பதிப்பாளர் கிடைப்பாரா பார் என்று ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த மகனுக்குக் கடிதம் எழுதினார். 1953இல் இறந்தார். இருபத்து மூன்று வருஷம் கழித்து, 1976இல், மகன் முன்னுரை எழுதி லண்டனில் அந்தப் புத்தகம் வந்தது. இடையில் 1961இல், அந்த அப்பாவையே நாயகனாக்கி ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ எழுதி மகன் உலகப் புகழ் பெற்றாகிவிட்டது. அப்பா புத்தகத்தை முந்திக்கொண்டு அப்பாவைப் பற்றிய புத்தகம் வந்துவிட்டது என்று சொல்லலாம்.

சீபர்சாத் பிறந்தது 1906. என்06 என்று லேபிள் எழுதி ராக்குக்குப் போனால், அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் பத்துப் புத்தகங்களோடு உட்கார்ந்திருக்கிறார். ஆர்.கே. நாராயண். அவரும் 1906. பிரித்துக் காட்டப் பெயரின் முதல் எழுத்தைச் சேர்க்கலாமென்றால் நைபாலுக்கும் நாராயணுக்கும் அதுவும் ‘என்’தான்! இரண்டு எழுத்தாகச் சேர்க்கலாமென்றாலும் அதே எழுத்துகள். மூன்றாவது எழுத்தில்தான் பிரிந்தார்கள். ‘ஐ’ முன்னால், ‘ஆர்’ பின்னால்.

சீபர்சாத் நாராயணைப் படித்தவர். மகனுக்கு எழுதிய கடிதங்களில் அவர் பேச்சு வருகிறது. மகன் அதை மறக்கவில்லை. 1977இல் இந்தியாவைப் பற்றி எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே நாராயணின் ‘மிஸ்டர் சம்பத்’ நாவலை அலசினார். டிரினிடாடில் இருந்துகொண்டு, புத்தகம் போட ஆளில்லாமல், தன் வயதொத்த மைசூர்க்காரரைப் படித்துக்கொண்டிருந்த மனிதருக்கு, எங்கள் ஊர் இரும்பு ராக்கில் அந்த மைசூர்க்காரரின் பக்கத்தில் இடம் கிடைத்தது. சொந்த மகன்கள் இருவரும் தட்டு தள்ளி இருந்தார்கள். பெரிய சாரிடம் இதைச் சொன்னேன். “ரங்கநாதன் சும்மாவா வருஷத்தை வெச்சார்?” என்று தானே வகைப்பாட்டைக் கண்டுபிடித்த மாதிரி சிரித்தார்.

எங்கள் அட்டெண்டர் அண்ணன் எட்டாவது வரை படித்தவர். ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டுவார், அவ்வளவுதான். ஆனால் எந்தப் புத்தகம் எங்கே என்று அட்டையின் நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார். 1988 கடைசியிலோ அடுத்த வருஷமோ ‘தி ஹோட்டல் ரிவியரா’ வந்தது. கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் எழுதிய நாவல். பிறந்த வருஷம் 1921, அதனால் என்21. ராக்கில் வைக்க எடுத்துப்போன அட்டெண்டர் அண்ணன் பாதி வழியில் திரும்பி வந்தார்.

“சார், இது அந்த நாராயண் சாரோட தம்பியா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இனிஷியல் ரெண்டும் ஒண்ணா இருக்கே. ஊரும் ஒண்ணு, அப்பாவும் ஒண்ணு. அப்ப அண்ணன் தம்பிதானே?”

நான் வாயடைத்துப் போனேன். நூலக அறிவியலில் பட்டம் வாங்கிய எனக்குச் சொல்லித்தந்தது, இனிஷியலைத் தள்ளிவிட்டு அதற்கடுத்த பெயரைப் பிடி என்பதுதான். அட்டையில் இனிஷியல் அடைப்புக்குறிக்குள் போய்விடும். நாராயண் ‘என்’னில், லக்ஷ்மண் ‘எல்’லில். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று சொல்லிக்கொண்டு, குடும்பம் ஒளிந்திருக்கிற அந்த இரண்டு எழுத்தைத்தான் நான் நாள் முழுக்க அடைப்புக்குறியில் போட்டுக்கொண்டிருந்தேன். ஆர் என்றால் ராசிபுரம், கே என்றால் அப்பா கிருஷ்ணசாமி என்று அவருக்குச் சொன்னேன். “ராசிபுரமா? நெய்க்குப் பேர் போன ஊராச்சே!” என்று சந்தோஷமாகப் போனார். அவருக்குச் சேலம் பக்கம் சம்பந்திகள் உண்டு. அண்ணன் கதைக்குத் தம்பி படம் போட்டதையும், டி.வி.யில் ‘மால்குடி டேஸ்’ தொடங்கும்போது ஓடுகிற கோட்டோவியங்கள் தம்பி கைவண்ணம் என்பதையும் சொல்லியிருக்கலாம். அவரிடம் டி.வி. இல்லை.

பெரிய சார் ஓய்வு பெற்ற சில வருஷங்களில் நூலகம் டியூவி முறைக்கு மாறியது. மற்ற கல்லூரிகள் எல்லாம் மாறிவிட்டன என்பதுதான் காரணம். இரண்டு கோடை விடுமுறைகளில் முப்பதாயிரம் லேபிள் மாற்றினோம். டியூவியில் ஆங்கிலக் கதை 823. அதன் கீழே பெயரின் முதல் மூன்று எழுத்து. நைபால் குடும்பம் ஒரே இடத்துக்கு வந்தது. அப்பா, அண்ணன், தம்பி மூவரும் தோளோடு தோள். நான் பத்து வருஷத்துக்கு முன் ஆசைப்பட்டது நிறைவேறிவிட்டது. ஆனால் பார்க்க ஏனோ மகிழ்ச்சியாக இல்லை. அண்ணனின் வரிசையான புத்தகங்களுக்கு முன்னால் சிவாவின் இரண்டே நாவல்கள், ரயிலில் ஓரமாக ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தவர் போல இருந்தன. 2001இல் அண்ணனுக்கு நோபல் வந்தபோது பையன்கள் வரிசையில் நின்று எடுத்துப்போனார்கள். ‘ஃபயர்ஃப்ளைஸ்’ டேட் ஸ்லிப்பில் அந்த வருஷம் ஒரு முத்திரைகூட விழவில்லை. அதில் ஒன்று நான் போட்டிருக்கலாம்.

டியூவி எல்லாரையும் சேர்க்கவும் இல்லை. டரெல் சகோதரர்களை அது மூன்று துண்டாக்கியது. மூத்தவர் லாரன்ஸ் நாவலாசிரியர், 823இல். இளையவர் ஜெரால்டு விலங்குகளோடு வாழ்ந்தவர், அதனால் 590களில், தவளைக்கும் பாம்புக்கும் நடுவே. லாரன்ஸ் கோர்ஃபு தீவைப் பற்றி எழுதிய ‘பிராஸ்பெரோஸ் செல்’ பயணநூல், அது 914இல். இருவரும் இந்தியாவில் பிறந்தவர்கள். லாரன்ஸ் 1912இல் ஜலந்தரில், ஜெரால்டு 1925இல் ஜாம்ஷெட்பூரில். இன்ஜினியரான அப்பா 1928இல் டல்ஹவுசியில் இறந்துபோக, அம்மா பிள்ளைகளோடு இங்கிலாந்து போய், 1935இல் அங்கிருந்து கோர்ஃபுவுக்குக் குடிபெயர்ந்தார்.

லேபிள் மாற்றிய அந்தக் கோடையில்தான் இரண்டு கோர்ஃபு புத்தகங்களையும் ஒரே வாரத்தில் படித்தேன். ஜெரால்டின் ‘மை ஃபேமிலி அண்ட் அதர் அனிமல்ஸ்’, 1956இல் வந்தது. தேளையும் குஞ்சுகளையும் தீப்பெட்டியில் அடைத்து வைத்துவிட்டு மறந்துபோவான் பையன். சாப்பாட்டு மேஜையில் சிகரெட் பற்றவைக்க அண்ணன் லாரி அந்தப் பெட்டியைத் திறப்பார். அந்த அமளியைப் படித்து மின்விசிறி இல்லாத ஸ்டாக் ரூமில் தனியாகச் சிரித்தேன். லாரி எந்நேரமும் அந்த வீட்டிலேயே இருப்பார். ஊருக்கெல்லாம் யோசனை சொல்வார், எதையும் செய்யமாட்டார். அடுத்து லாரன்ஸ் 1945இல் வெளியிட்டதை எடுத்தால் தீவு வேறாக இருக்கிறது. அங்கே ‘என்.’ என்ற ஒற்றை எழுத்தில் ஒரு பெண் வருகிறாள். மனைவி நான்சி. லாரன்ஸ் மனைவியோடு கடலோரத்தில் தனிக்குடித்தனம் இருந்தவர்! தம்பி தன் புத்தகத்தில் அண்ணியை அப்படியே அழித்துவிட்டு, அண்ணனைப் பிறந்த வீட்டுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார். அண்ணன் புத்தகத்திலோ அம்மாவும் அந்தக் கலகலப்பான வீடும் இருக்கிற சுவடே தெரியவில்லை. ஒருவர் புத்தகத்தில் விட்டுப்போன ஆளை மற்றவர் புத்தகத்தில் தேடிப் பிடிக்கவேண்டும். 590இலிருந்து 914க்கு நடந்து போகவேண்டும், இடையில் ஆறு ராக். எனக்குத் தம்பி எழுதியதுதான் பிடித்தது. லாரன்ஸின் அலெக்சாண்டிரியா நாவல்கள் நான்கும் பெரிய சாதனை என்கிறார்கள். முதல் நாவலின் நடுவிலேயே நான் மூன்று தடவை இறங்கிவிட்டேன்.

2006இல் கம்ப்யூட்டர் வந்தது. அட்டையில் உள்ளதையெல்லாம் ஏற்றித்தர ஒரு நிறுவனம் ஒப்பந்தம் எடுத்தது. அவர்கள் கொண்டுவந்த திரையில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. தமிழ்ப் புத்தகங்களுக்கு அந்தப் பையன்கள் என்ன செய்வார்கள் பாவம், கண்ணில் பட்டதை நிரப்பினார்கள். கி. ராஜேந்திரன் பெயரில் குடும்பப் பெயர்: ‘கி.’ என்று இருந்தது. முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் யோசித்தால் அந்தப் பையன் எழுதியதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் ‘கி.’ யார்? கிருஷ்ணமூர்த்தி. அதாவது கல்கி. கல்கிக்குப் பிறகு மகன் ராஜேந்திரனும், அவருக்குப் பிறகு பேத்தி சீதா ரவியும் ‘கல்கி’ பத்திரிகைக்கு ஆசிரியர்களாக இருந்தார்கள். கல்கி, ராஜேந்திரன், ரவி என்று மூன்று தலைமுறை எங்கள் தமிழ் ராக்கில் மூன்று இடத்தில் நிற்கிறது. அவர்களில் அப்பாவையும் மகனையும் கட்டுகிற கயிறு அந்த ஒற்றை எழுத்துதான். எல்லாவற்றையும் உட்கார்ந்து திருத்தினேன். திருத்தும்போது மறுபடியும் இனிஷியலைப் பின்னால்தான் தள்ளினேன். விதி அதுதானே.

2014இல் நான் ஓய்வு பெற்ற மாதம், பயனில்லாமல் கிடந்த தேக்கு கேட்லாக் பெட்டியை ஏலம் விட்டார்கள். பெட்டி ஒருவருக்கு, உள்ளே இருந்த அட்டைகள் கிலோ கணக்கில் பழைய பேப்பர்காரருக்கு. அட்டைகள் ஐந்துக்கு மூன்று அங்குலம், கீழே ஒரு துளை, இழுப்பறைக்கு ஒரு பித்தளைக் கம்பி. கம்பியை உருவினால்தான் அட்டை வெளியே வரும். பேப்பர்காரர் ஒவ்வொரு கம்பியாக உருவிச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தார். தமிழ் இழுப்பறைகளுக்கு வந்தபோது, ஒரு நிமிஷம் இருங்கள் என்று ஒன்றை வாங்கினேன்.

என் அப்பா பள்ளிக்கூடத் தமிழாசிரியர். 1962இல் சிறுவர் நாடகங்கள் ஐந்தைத் தன் செலவில் அச்சடித்தார். அறுபத்து நான்கு பக்கம், ஐந்நூறு பிரதி. விற்றது போக மிச்சம் கட்டிலுக்கடியில் கிடந்து கரையான் பார்த்துக்கொண்டது. தப்பிய ஒரு பிரதியை நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் நூலகத்துக்குக் கொடுத்திருந்தேன். அட்டையும் நானே எழுதினேன். அப்பா பெயர், அடைப்புக்குறியில் தாத்தாவின் எழுத்து. அந்த அட்டையில் என் பெயர் வர வழியில்லை. என் பெயருக்கு முன்னால் இருக்கிற எழுத்துதான் அப்பா.

அட்டை பழுப்பேறி, துளை ஓரம் கிழிந்திருந்தது. அடியில், இடது மூலையில், பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள். கோணல்மாணலான பெரிய எழுத்து. அட்டெண்டர் அண்ணன் இறந்து அப்போது ஆறு வருஷம்.

‘மேலும் காண்க: நம்ம லைப்ரேரியன் சார்.’